ஓல்டம்: நூலையும் விற்று, நூற்கும் மெஷினையும் விற்ற ஊர்

கோயம்புத்தூரைத் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்துவிட்டோம். பட்டம் கொடுத்தவர்கள் ஊரைக் கொஞ்சம் மாற்றிப் பிடித்துவிட்டார்கள் என்பது என் எண்ணம். மான்செஸ்டர், பஞ்சு வணிகத்தின் கடைவீதி. கிடங்குகள், வங்கிகள், ராயல் எக்ஸ்சேஞ்ச் மண்டபத்தில் கூடிப் பேரம் பேசிய வியாபாரிகள், இவர்களால்தான் அதற்குப் பெயர். அங்கே மில்களே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் ராப்பகலாக நூல் நூற்றவை அதைச் சுற்றியிருந்த ஊர்கள். அவற்றில் முதலிடம் ஓல்டத்துக்கு. மான்செஸ்டரிலிருந்து வடகிழக்கே சுமார் 11 கிலோமீட்டர். ஸ்பின்னிங் மில்லை வைத்துக் கோவைக்கு ஜோடி தேடினால் அங்கேதான் போய் நிற்க வேண்டும். மில்லுக்கு வேண்டிய மெஷினையும் அதே ஊர்க்காரர்களே வார்த்து, கடைந்து, பூட்டி விற்றார்கள் என்பது கோவைக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான சங்கதி.

ஊரின் அளவைச் சொல்லிவிடுகிறேன். 1801இல் மக்கள்தொகை சுமார் 12,000. நூறே ஆண்டில், 1901இல், 1,37,000. 1871 வாக்கில் அமெரிக்காவைத் தவிர உலகில் எந்த நாட்டிடமும் ஓல்டத்திடம் இருந்த அளவுக்குக் கதிர்கள் இல்லை. எந்த ஊரிடமும் என்று அல்ல, எந்த நாட்டிடமும். கதிர் என்றால் ஸ்பிண்டில். ஒரு கதிர் ஒரு இழையை முறுக்கும். நம்மூரில் இன்றும் மில்லின் பெருமையை 'இத்தனை ஆயிரம் ஸ்பிண்டில்' என்றுதான் சொல்வார்கள். 1911இல் உலகம் முழுக்கச் சுமார் 14 கோடியே 35 லட்சம் கதிர்கள் சுற்றிக்கொண்டிருந்தன. அதில் ஓல்டத்தின் பங்கு 1 கோடியே 64 லட்சம். ஏறக்குறைய ஒன்பதில் ஒன்று. உச்சத்தில் 360க்கும் மேற்பட்ட மில்கள் இருந்தன.

இதில் விசித்திரம், அந்த ஊருக்கு ஆறே கிடையாது என்பதுதான். ஆரம்ப கால மில்கள் நீர்ச்சக்கரத்தில் ஓடியவை என்பதால் மில் ஊர்கள் ஆற்றங்கரையில்தான் முளைத்தன. ஓல்டமோ பென்னைன் மலைத்தொடரின் அடிவாரத்தில், இரண்டு சிற்றாறுகளுக்கு நடுவே மேட்டில் உட்கார்ந்திருக்கிறது. விவசாயத்துக்கு லாயக்கில்லாத மண். ஓயாத தூறல். பஞ்சு வருவதற்கு முன் அங்கிருந்தவர்கள் கம்பளித் தறியும், ரோமத்தில் செய்த தொப்பியுமாகப் பிழைத்தார்கள். அந்தத் தொப்பித் தொழிலிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் 'ரஃப்யெட்ஸ்' என்ற பட்டப்பெயர் ஊர்க்காரர்களுக்கு இன்றும் உண்டு. 'முரட்டுத் தலையர்' என்று தோராயமாகத் தமிழில் சொல்லலாம். கேலியாகத் தொடங்கியிருக்கும், இப்போது ரக்பி அணிக்கும் அதே பட்டப்பெயர்தான். ஊர்ச் சின்னத்தில் ஆந்தைகள் இருக்கும். ஊர்ப் பெயரின் முதல் அசை உள்ளூர் வாயில் 'ஔல்' என்று ஆந்தையின் ஆங்கிலப் பெயரைப் போலவே ஒலிக்கும், அவ்வளவுதான் காரணம்.

ஆறு இல்லாத ஊருக்கு நிலக்கரி கைகொடுத்தது. காலுக்குக் கீழேயே சுரங்கம். நீராவி எந்திரம் வந்ததும் நீர்ச்சக்கரம் வைத்திருந்தவர்களின் அனுகூலம் போயிற்று. கரிக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு யோகம் அடித்தது. சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைக்க, ஊருக்குத் தெற்கே ஒரு பள்ளத்தாக்கில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே நீராவி எந்திரம் ஒன்று வைத்திருந்தார்கள். ஏற்றம் மாதிரி ஒரு பெரிய உத்தரம் ஏறி இறங்கும். 'ஃபேர்பாட்டம் பாப்ஸ்' என்று அதற்குச் செல்லப்பெயர். வேலை ஓய்ந்து பல பத்தாண்டுகள் துருப்பிடித்துக் கிடந்த அதை, 1929 வாக்கில் அமெரிக்காவின் ஹென்றி ஃபோர்டு பெயர்த்துக் கப்பலேற்றிக்கொண்டு போனார். இன்றும் மிச்சிகனில், டியர்பார்ன் ஊரிலுள்ள அவருடைய அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

அப்புறம் அந்தத் தூறல். விவசாயிக்கு இடைஞ்சலாக இருந்த ஈரக்காற்று பஞ்சுக்கு வரம். காற்று வறண்டால் இழை மொடமொடவென்று அறுந்துகொண்டே இருக்கும். ஈரம் இருந்தால் வளைந்து கொடுக்கும்.

ஓல்டத்து மில் எப்படி இருக்கும்? நான்கைந்து மாடி, சிவப்புச் செங்கல், வரிசை வரிசையாக அகலமான ஜன்னல்கள். ஒரு பக்கம் எந்திர அறை, அதை ஒட்டி வானத்தைக் குத்தும் புகைபோக்கி. எந்திரத்திலிருந்து வெளிவரும் நீராவியைக் குளிர்விக்க வாசலில் ஒரு குளம். அதை 'லாட்ஜ்' என்பார்கள். தீப்பிடித்தால் அணைக்க உச்சியில் தண்ணீர்த் தொட்டி வைத்த கோபுரம். அந்தக் கோபுரத்திலோ புகைபோக்கியிலோ வெள்ளைச் செங்கல்லில் மில்லின் பெயர். பெயர்கள்தான் அழகு. ஃபால்கன், ரேவன், பீ, டான், லைலாக், லில்லி, பிரையர். பருந்து, அண்டங்காக்கை, தேனீ, விடியல், பூக்கள். பச்சையைத் தேடிப் பார்க்க வேண்டிய கரிப்புகை ஊரில் மில்களுக்கு மட்டும் பூவும் பறவையுமாகப் பெயர். முதலாளியின் குடும்பப் பெயர் அவ்வளவாக இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அதற்குக் காரணம் உண்டு, பிறகு வருகிறேன்.

உள்ளே முதலில் பார்க்க வேண்டியது மியூல். மியூல் என்றால் கோவேறு கழுதை. 1779இல் பக்கத்து ஊரான போல்டனில் சாமுவேல் கிராம்ப்டன், அதற்கு முன் இருந்த இரண்டு விதமான நூற்பு முறைகளைக் கலந்து ஒரே இயந்திரம் செய்தார். குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்தது மாதிரி என்பதால் இந்தப் பெயர். நீண்ட கூடத்தில் இரண்டு மியூல்கள் எதிரெதிரே நிற்கும். ஒவ்வொன்றும் முப்பது நாற்பது மீட்டர் நீளம், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதிர்கள். கதிர்கள் பூட்டிய வண்டி, சிறு தண்டவாளங்களில் ஒன்றரை மீட்டர் அளவுக்கு முன்னால் உருண்டு வரும். வரும்போதே பஞ்சுத் திரியை இழுத்து முறுக்கும். ஒரு கணம் நிற்கும். திரும்பிப் போகும்போது முறுக்கிய நூலைக் கதிரில் சுற்றிக்கொள்ளும். நிமிடத்துக்கு மூன்று நான்கு தடவை, நாள் முழுக்க இதே போக்குவரத்து.

இழை அறுந்தால் வண்டியை நிறுத்த மாட்டார்கள். வண்டி வந்து போகும் அந்த நொடிகளுக்குள் குனிந்து, அறுந்த முனையை விரலால் உருட்டி ஒட்டிவிட்டு விலக வேண்டும். ஒட்டுகிறவர் பீசர். நம்மூர் மில்களில் 'பீசிங்' என்று இன்றும் சொல்வது இந்த வேலையைத்தான். ஒரு ஜோடி மியூலுக்கு, அதற்குப் பொறுப்பாளரான மைண்டர் ஒருவர், பெரிய பீசர் ஒருவர், சின்னப் பீசர் ஒருவர். மெஷினுக்கு அடியில் சேரும் பஞ்சுத் தூசியைக் கூட்டுவது சின்னவன் வேலை. எண்ணெய் ஊறிய மரத்தரையில் செருப்புப் போட்டால் வழுக்கும் என்று வெறுங்காலோடு நடப்பார்கள். இழைக்காகக் கூடத்தைச் சூடாகவும் ஈரமாகவும் வைத்திருந்ததால் மேலுக்கு அதிகம் போடவும் முடியாது. மில் கம்பெனி மைண்டருக்கு நூலின் கணக்குப்படி கூலி கொடுக்கும். பீசர்களுக்கு அதிலிருந்து அவர்தான் பிரித்துக் கொடுப்பார். ஆக, மைண்டர் தொழிலாளியும்தான், குட்டி முதலாளியும்தான். பீசராகப் பத்துப் பதினைந்து வருடம் காத்திருந்து மைண்டர் ஆகாமலே நரைத்தவர்கள் ஏராளம்.

அந்தக் கூடத்துக்கு ஒரு தனி வியாதி உண்டு. கதிர்களிலிருந்து தெறிக்கும் கனிம எண்ணெய், குனிந்து வேலை செய்கிறவர்களின் கால்சட்டையை நனைத்துக்கொண்டே இருக்கும். இருபது முப்பது வருடம் கழித்து விதைப்பையில் புற்று வரும். மருத்துவர்கள் அதற்கு 'மியூல் நூற்பாளர் புற்று' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வெட்கத்தால் காட்டாமல் வைத்திருந்து, முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் பலர். கெடுதல் இல்லாத எண்ணெயைத்தான் போட வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசு விதி கொண்டுவந்தது 1953இல். அதற்குள் மியூலுக்கே வயதாகிவிட்டது. பஞ்சைச் சீவிப் பதப்படுத்தும் கார்டிங் பகுதியில் வேறு கதை. அங்கே பெண்கள் அதிகம். பஞ்சுத் தூசி நுரையீரலில் படிந்து, விடுமுறை முடிந்து வரும் திங்கட்கிழமை மூச்சு இறுகும். 'திங்கள் காய்ச்சல்' என்று சாதாரணமாகச் சொல்லிக்கொள்வார்கள்.

சரி, முதலாளி பெயர் இல்லாத மில்களுக்கு வருவோம். ஓல்டத்தின் குணத்தைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்த நல்ல வழி இதுதான். ஓல்டமும் சுற்றியிருந்த பஞ்சாலை ஊர்களும் அடங்கிய லங்காஷயர் வட்டாரத்தின் மற்ற ஊர்களில் மில் என்றால் ஒரு குடும்பம். மலைமேல் பங்களா, ஊருக்கு ஒரு தேவாலயமும் நூலகமும் கட்டிக் கொடுத்த கனவான். ஓல்டத்தில் 1858இல் தொழிலாளர்களும் சிறு கடைக்காரர்களுமாகச் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார்கள். பிற்பாடு சன் மில் என்று பெயர் பெற்றது. பக்கத்தில் ராச்டேலில் 1844இல் தொடங்கிய கூட்டுறவுக் கடையின் காற்று இங்கேயும் வீசிக்கொண்டிருந்த காலம் அது. சன் மில் நல்ல லாபம் கொடுத்ததும் ஊரே பார்த்தது. 1870களின் நடுவில் ஒரு வெறி பிடித்தது போல் கம்பெனிக்கு மேல் கம்பெனியாக முளைத்தன. 'ஓல்டம் லிமிடெட்' என்றால் தொழில் உலகத்தில் ஒரு தனிச் சொல் ஆகிவிட்டது.

பங்கு சிறியது, பெரும்பாலும் 5 பவுண்டு. அதையும் மொத்தமாகக் கட்ட வேண்டாம். கொஞ்சம் கட்டினால் போதும், மீதியைக் கம்பெனி கேட்கும்போது கட்டலாம். பங்கு வாங்க முடியாதவர்கள் மில்லிலேயே வட்டிக்குப் பணம் போட்டு வைத்தார்கள். வங்கிக்குப் பதில் மில். பல கம்பெனிகளில் கூட்டுறவு வழக்கப்படி எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டம் போட்டு, பஞ்சு என்ன விலைக்கு வாங்கினாய், கரி ஏன் இவ்வளவு எரிந்தது என்று இயக்குநர்களை எழுப்பிக் கேள்வி கேட்பார்கள். கேட்பவர்களுக்கு மில் வேலை அத்துப்படி; ஏமாற்ற முடியாது. மதுக்கடைகளில் குதிரைப் பந்தயம் பேசுவது போலப் பங்கு விலை பேசினார்கள். இன்று திருப்பூர்ப் பக்கம் டீக்கடையில் நூல் விலை பேசுவார்களே, அது மாதிரி.

ஒரு வில்லங்கமும் இருந்தது. வேலைநிறுத்தத்தில் நிற்கிறவர் பக்கத்து மில்லுக்குப் பங்குதாரராக இருக்கலாம். கூலி உயர்ந்தால் சந்தோஷம், ஈவுத்தொகை குறைந்தால் வருத்தம். இந்த இரட்டை நிலை ஓல்டத்துத் தொழிற்சங்கத்தைக் கணக்குப் பார்க்கிற சங்கமாக ஆக்கியது. புரட்சி பேசுவதைவிட, மியூல் வேகம் கூடினால் வருகிற ஆதாயத்தில் தொழிலாளிக்கு எவ்வளவு என்று தசம புள்ளி வரை பட்டியல் போட்டு வாங்கினார்கள். அதற்காகச் சாதுக்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1892–93இல் கூலியைக் குறைக்க முதலாளிகள் கதவடைத்தபோது இருபது வாரம் தாக்குப்பிடித்தார்கள். சச்சரவு எப்படித் தீர்க்கப்பட வேண்டும் என்று அதன் முடிவில் எழுதிய புரூக்லண்ட்ஸ் ஒப்பந்தம் அந்தத் தொழிலுக்கே விதிப்புத்தகம் ஆயிற்று.

அரசியலிலும் ஊருக்கு வாய் நீளம். 1819இல் வாக்குரிமை கேட்டு மான்செஸ்டரில் கூடியவர்கள்மீது குதிரைப்படை பாய்ந்த பீட்டர்லூ படுகொலைக்கு ஓல்டத்திலிருந்து ஊர்வலமாகப் போனார்கள். அதில் வெட்டுப்பட்டு, சில வாரங்கள் கழித்து இறந்த ஜான் லீஸ் வாட்டர்லூ போரில் ஆங்கிலேயருக்காகவே சண்டை போட்டவர். 1900இல் ஓல்டம்தான் வின்ஸ்டன் சர்ச்சிலை முதன்முதலில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது; அதற்கு முந்தின வருடம் தோற்கடித்ததும் அதே ஊர்தான். ஊரின் கிழக்கு ஓரத்தில் ஸ்பிரிங்ஹெட்டில் பிறந்த ஆனி கென்னி, பத்து வயதில் 'பாதி நேர'க்காரியாக மில்லுக்குப் போனவர். பாதி நாள் மில், பாதி நாள் பள்ளி. அன்றைய சட்டம் அதை அனுமதித்தது. நூல் சுற்றும் பாபினின் சுழற்சியில் ஒரு விரல் போயிற்று. 1905இல் மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலில் லிபரல் கட்சிக் கூட்டத்தில் எழுந்து, பெண்களுக்கு வாக்குரிமை தருவீர்களா என்று கேட்டு, சக வாக்குரிமைப் போராளி கிறிஸ்டபெல் பாங்கர்ஸ்டோடு சிறைக்குப் போனார். அதற்குள் கட்சி மாறியிருந்த சர்ச்சிலும் அந்த மேடையில் இருந்தார். கென்னிக்கு 2018இல் ஓல்டம் பழைய டவுன் ஹால் முன்னால் வெண்கலச் சிலை வைத்தார்கள்.

இந்தியத் தொடர்பு இரண்டு இடத்தில் ஆழமாக வருகிறது. முதலாவது 1861. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலத் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட, பஞ்சு நின்றது. லங்காஷயரே பட்டினி கிடந்தது. 1862 கடைசியில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் நிவாரணத்தில் பிழைத்தார்கள். அப்போதுதான் இந்தியப் பஞ்சு மூட்டை மூட்டையாகப் போயிற்று. எந்தத் துறைமுகத்திலிருந்து வந்தாலும் மில்காரர்களுக்கு அது பொதுவாக 'சூரத்' பஞ்சு. குட்டை இழை, மண்ணும் விதைத்தூளும் கலந்தது, நிமிடத்துக்கு நிமிடம் அறும். 'ஆண்டவரே, பஞ்சு அனுப்பும், ஆனால் சூரத் வேண்டாம்' என்று ஜெபித்ததாக ஒரு வேடிக்கைக் கதை உண்டு. நம் கரிசல் காட்டுப் பருத்தியும் அந்தக் காலத்தில் தூத்துக்குடி வழியாகக் கப்பலேறியது. லிவர்பூல் சந்தையில் அதற்கு 'டின்னவெல்லி' என்று பெயர். திருநெல்வேலிதான். போல்டன் மாதிரி எகிப்துப் பஞ்சில் சன்ன நூல் நூற்காமல் ஓல்டம் நடுத்தர, மொத்த ரகங்களை நூற்றது. அதனால் இந்தக் கெட்ட பஞ்சுக்கு மெஷினை மாற்றிக்கொள்வது மற்றவர்களைவிட அதற்கு எளிதாக இருந்தது. வேலையற்றவர்களுக்குக் கூலி கொடுக்கவென்று அப்போது வெட்டி உருவாக்கிய அலெக்சாண்ட்ரா பூங்கா 1865இல் திறந்தது. இன்றும் ஊரின் நல்ல இடம் அதுதான். உள்ளே, கையில் மணியோடு ஒரு சிலை. ஊருக்குத் தமுக்கடித்துச் சேதி சொன்ன 'குருட்டு ஜோ'. பிரபுவுக்கும் ராணிக்கும் வைக்கிற மாதிரி தமுக்கடிக்கிறவனுக்குச் சிலை வைத்த ஊர் என்பதை நான் ரசிக்கிறேன்.

இரண்டாவது தொடர்பு, மெஷின். வெர்னெத் பகுதியில் ஹார்ட்ஃபோர்டு ஒர்க்ஸ் என்ற பிரம்மாண்டமான தொழிற்சாலை. நடத்தியது பிளாட் பிரதர்ஸ். பஞ்சு பிரிப்பதிலிருந்து நூல் சுற்றுவது வரை ஒரு மில்லுக்கு வேண்டிய அத்தனை இயந்திரமும் ஒரே இடத்தில் கிடைக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் உலகத்திலேயே பெரிய ஜவுளி இயந்திரக் கம்பெனி அது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். பிரிட்டன் ஒரு காலத்தில் நூற்பு இயந்திரத்தை வெளிநாட்டுக்கு விற்கவே கூடாது என்று சட்டம் வைத்திருந்தது. மெஷின் போனால் தொழிலும் போய்விடும் என்ற பயம். 1843இல் அந்தத் தடையை எடுத்தார்கள். அதிலிருந்து பிளாட் மெஷின் ரஷ்யா, ஐரோப்பா, இந்தியா, ஜப்பான் என்று போகாத இடமில்லை. 1850களில் பம்பாயில் காவஸ்ஜி டாவர் தொடங்கிய முதல் மில்லுக்கு மெஷின் கொடுத்தது பிளாட். 1867இல் ஜப்பானின் ககோஷிமாவில் சட்சுமா பிரபு நிறுவிய நூற்பாலைக்கும் பிளாட் மெஷின். பூட்டிக் கொடுக்கப் போன ஆங்கிலேயர்களுக்காகக் கட்டிய வீடு அங்கே இன்னும் நிற்கிறது.

இங்கேதான் எனக்கு அந்த ஊரைப் பற்றிச் சொல்ல இருப்பது. ஓல்டத்தை வீழ்த்தியது மலிவான ஆசியக் கூலி என்று சுருக்கிவிடுவார்கள். கூலி உண்மைதான். ஆனால் அந்தக் கூலிக்கு வேலை கொடுத்த மெஷின் எங்கிருந்து போனது? ஒரு தெருவில் நூல் விற்றுக்கொண்டே, அடுத்த தெருவில் நூல் வாங்குகிறவனுக்கு நூற்கும் மெஷினையும் விற்றது ஓல்டம். இதைத் துரோகம் என்றோ முட்டாள்தனம் என்றோ சொல்ல மாட்டேன். பிளாட் விற்காவிட்டால் போட்டிக் கம்பெனி விற்றிருக்கும், அமெரிக்கர்களும் ஜெர்மானியர்களும் விற்றிருப்பார்கள். தொழிற்சாலையில் கூலி வாங்கியவனும் ஓல்டத்துக்காரன்தான். ஊருக்குள் இரண்டு வயிறு இருந்தது, ஒன்றின் சோறு மற்றதற்கு விஷம்.

விற்ற மெஷினிலும் ஒரு முரண் உண்டு. வெளிநாட்டுக்குப் போனவற்றில் ரிங் ஃப்ரேம் அதிகம். மியூல் மாதிரி போய்வராமல் ஒரே நேரத்தில் இழுத்து, முறுக்கி, சுற்றுவது அது. அதிகத் திறமை வேண்டாம், இளம் பெண்களே ஓட்டிவிடலாம். ஜப்பான் வேகமாக ரிங்குக்கு மாறியது. ஓல்டமோ மியூலை விடவில்லை. சோம்பேறித்தனம் என்று பழி போடுகிறவர்கள் உண்டு, ஆனால் கணக்கும் இருந்தது. லங்காஷயரில் நூற்பது தெற்கே ஓல்டம் பக்கம், நெய்வது வடக்கே பர்ன்லி, பிளாக்பர்ன் பக்கம். மியூல் நூலைக் கதிரிலிருந்து அப்படியே உருவி எடுத்துக் கூடையில் அனுப்பலாம். ரிங் நூல் கனமான மரப் பாபினில் சுற்றியிருக்கும். மரத்துக்கும் சேர்த்து ரயில் கூலி, காலிப் பாபின் திரும்பி வரவும் கூலி. நூற்பும் நெசவும் ஒரே கூரைக்குள் இருந்த ஒசாகாவுக்கும் பம்பாய்க்கும் அந்தத் தொல்லை இல்லை. அதோடு மியூலில் கைதேர்ந்த ஆள் ஊரில் தாராளமாகக் கிடைத்தார்கள். ஒவ்வொரு மில்லும் தனித்தனியாகப் போட்ட கணக்கு சரியாகத்தான் இருந்தது. 360 சரியான கணக்கு சேர்ந்து ஒரு தப்பான ஊர்க்கணக்கு ஆயிற்று. ஓல்டத்தை ஒட்டிய ராய்ட்டனில் எல்க் மில்லை 1920களின் பிற்பகுதியில் கட்டினார்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட கதிர்கள், அத்தனையும் மியூல். லங்காஷயரில் மியூலுக்காகக் கட்டிய கடைசி மில் அது.

அதற்குள் சந்தை கலைந்துகொண்டிருந்தது. 1913இல் லங்காஷயர் ஏற்றுமதி செய்த சுமார் 700 கோடி கெஜம் துணியில் 300 கோடி கெஜம் இந்தியாவுக்கு வந்தது. முதல் உலகப் போரில் கப்பல் இல்லாமல் அது நின்றபோது இந்திய மில்களும் ஜப்பானும் உள்ளே புகுந்தன. அப்புறம் இந்திய இறக்குமதி வரி, அந்நியத் துணிப் புறக்கணிப்பு. 1931 செப்டம்பரில் காந்தி லங்காஷயருக்குப் போய், டார்வெனில் வேலையிழந்த மில் தொழிலாளர்களைச் சந்தித்தது இந்தச் சமயத்தில்தான். அதே ஆண்டுகளில் பைக்காரா மின்சாரம் வந்து கோவையில் மில்கள் மளமளவென்று எழும்பின. இங்கே சங்கு புதிதாக ஊதத் தொடங்கிய நாட்களில் அங்கே ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டிருந்தது.

ஓல்டத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு அடி. போர் முடிந்த 1919–20இல் நூல் விலை தாறுமாறாக ஏறியது. இடைத்தரகர்கள் மில்களை வாங்கி, விலையை ஊதிப் பெருக்கி, புதுப் பங்கு வெளியிட்டார்கள். பழக்கப்பட்ட ஊர் அல்லவா, மைண்டரும் மளிகைக்கடைக்காரரும் விதவைகளும் சேமிப்பைக் கொட்டினார்கள். வழக்கம் போலப் பாதிப் பணம்தான் கட்டினார்கள். அடுத்த ஆண்டே விலை விழுந்தது. பங்கு காகிதமாகிவிட்டது, ஆனால் கட்டாத மீதியைக் கட்டு என்று கம்பெனியும் வங்கியும் கேட்டன. ஒன்றுமில்லாத பங்குக்கு வருடக்கணக்காகப் பணம் கட்டி, வீட்டை விற்றவர்கள் உண்டு. ஐந்து பவுண்டுப் பங்கு தொழிலாளியை முதலாளியாக்கியது. அதே ஐந்து பவுண்டின் கட்டாத பாதி அவரை நடுத்தெருவில் நிறுத்தியது. 1929இல் பாங்க் ஆஃப் இங்கிலாந்து முன்னின்று லங்காஷயர் காட்டன் கார்ப்பரேஷனை உருவாக்கி, நூற்றுக்கும் மேற்பட்ட மில்களை வாங்கி, பலவற்றை இழுத்து மூடிக் கதிர்களை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டது.

அதே 1929 டிசம்பரில் ஜப்பானிலிருந்து கீச்சிரோ டொயோடா என்ற இளைஞர் பிளாட் பிரதர்ஸோடு ஒரு ஒப்பந்தம் போட்டார். விற்க வந்தவர் அவர், வாங்கியது பிளாட். அவருடைய தகப்பனார் சாகிச்சி டொயோடாவின் தானியங்கித் தறிக்கான உரிமை, விலை 1,00,000 பவுண்டு. ஒரு காலத்தில் ஜப்பானுக்குச் சொல்லிக்கொடுத்த கம்பெனி, இப்போது ஜப்பானிடம் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ள வந்தது. டொயோடா கார் ஆராய்ச்சிக்கு அந்தப் பணம்தான் விதை என்று ஒரு கதை பிரபலம். எவ்வளவு பணம் எதற்குப் போனது என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை உண்டு. கீச்சிரோதான் கார் பக்கம் திரும்பினார் என்பதில் சண்டை இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கொஞ்ச காலம் மூச்சு வந்தது. வேலைக்கு ஆள் போதவில்லை. போலந்துக்காரர்கள், உக்ரைன்காரர்கள், கரீபியத் தீவுக்காரர்கள் வந்தார்கள். 1960களில் பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீரின் மிர்பூரிலிருந்தும், இன்றைய வங்கதேசத்தின் சில்ஹெட்டிலிருந்தும் பெருவாரியாக வந்தார்கள். 1959இல் பழைய கதிர்களை உடைத்துப் போட அரசு மானியம் கொடுத்துப் புது மெஷின் வாங்கச் சொல்லியிருந்தது. புது மெஷினுக்குப் போட்ட காசு திரும்ப வேண்டுமானால் 24 மணி நேரமும் ஓட வேண்டும். இரவு ஷிஃப்டுக்கு உள்ளூர் ஆள் வரவில்லை. அது ஆசியர்களின் ஷிஃப்ட் ஆயிற்று. ஒரே மெஷின், ஒரே மில், ஆனால் ஒருவர் வீட்டுக்குப் போகும்போது இன்னொருவர் உள்ளே வருவார். கேட்டில் ஒரு தலையசைப்பு, அவ்வளவே பழக்கம். குடியிருப்பும் பிரிந்தது: மிர்பூர்க்காரர்கள் கிளாட்விக் பக்கம், சில்ஹெட்காரர்கள் வெஸ்ட்வுட் பக்கம். பிறகு மில்களும் மூடிய பின் அந்தக் கேட்டுத் தலையசைப்பும் போயிற்று. 2001 மே மாதக் கடைசியில் மூன்று நாள் இனக் கலவரத்தில் ஓல்டம் பற்றியெரிந்தது. விசாரித்த ரிட்சி அறிக்கை, வெள்ளையரும் ஆசியரும் தனித்தனித் தெருக்களில் வாழ்வதைத்தான் முதலில் சுட்டியது. இன்று ஓல்டம் மாநகர வட்டாரத்தில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் ஆசியப் பின்னணி கொண்டவர்கள்.

மில் ஊரின் வாழ்க்கையில் கொண்டாட்டமும் இருந்தது. ஆகஸ்ட் கடைசியில் 'வேக்ஸ்' வாரம். எல்லா மில்லும் ஒன்றாக மூடும், எந்திரங்களைப் பழுதுபார்ப்பார்கள். வருடம் முழுக்க வாராவாரம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தோடு ஊரே ரயிலேறி பிளாக்பூல் கடற்கரைக்குப் போய்விடும். புகைபோக்கிகள் ஓய்ந்த அந்த வாரத்தில்தான் ஊரிலிருந்தே மலை தெளிவாகத் தெரியும். சாப்பாட்டில் 'ராக் புட்டிங்' என்று ஒன்று: கொத்துக்கறியும் வெங்காயமும் வைத்த மாவை மல்லுத்துணியில் கட்டி வேகவைப்பது. நம் துணி இட்லிக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் முதன்முதலில் உருளைக்கிழங்குச் சிப்ஸ் (நாம் ஃபிரெஞ்ச் ஃபிரைஸ் என்பது) விற்றது தங்கள் டாமிஃபீல்டு சந்தையில்தான் என்று பெயர்ப்பலகையே வைத்திருக்கிறார்கள். லண்டன்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

மில்லோடு சம்பந்தமில்லாத ஒரு பெருமையும் உண்டு. உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் 1978 ஜூலை 25 அன்று பிறந்தது ஓல்டம் பொது மருத்துவமனையில். லண்டனோ கேம்பிரிட்ஜோ அல்ல. கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி ராபர்ட் எட்வர்ட்ஸும் அவருடைய உதவியாளர் ஜீன் பர்டியும், ஓல்டம் மருத்துவர் பேட்ரிக் ஸ்டெப்டோவைத் தேடி ஆண்டுக்கணக்காகக் கார் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். ஆராய்ச்சி நடந்தது ராய்ட்டனில் இருந்த கெர்ஷா என்ற சிறிய மருத்துவமனையில்.

இப்போது போனால் பழைய டவுன் ஹால் 2016 முதல் திரையரங்கு. டிராம் 2014 முதல் ஊர் நடுவே ஓடுகிறது. பிளாட் பிரதர்ஸ் 1980களின் தொடக்கத்தில் மூடியது. கால்பந்து அணி, 1992இல் பிரீமியர் லீக் தொடங்கியபோது அதில் இருந்த அணிகளில் ஒன்று, 2022இல் லீக்கைவிட்டே கீழே விழுந்து, 2025இல் ஏறி வந்திருக்கிறது. மிஞ்சிய மில்களில் சில கிடங்கு, சில சிறு பட்டறைகள். வெர்னெத்தின் ஹார்ட்ஃபோர்டு மில் பல ஆண்டுகள் பாழாய்க் கிடந்து அண்மையில் இடிபட்டது.

எல்க் மில்லில் மியூல்கள் 1974 வரை ஓடின. அதன் பிறகு வேறு மெஷின் போட்டு 1998 வரை தாக்குப்பிடித்தது. ஓல்டத்தில் கடைசியாகப் பஞ்சு நூற்றது அந்த மில்தான். மறுவருடம் இடித்தார்கள். இடத்தில் பெரிய கார் நிறுத்துமிடத்தோடு ஒரு கடைவளாகம் வந்திருக்கிறது. அதன் பெயரும் எல்க் மில்.